பன்னிரண்டில் எட்டு

2041 மே 9, வியாழக்கிழமை, பிற்பகல் 2 மணி 10 நிமிடம். வெப்பம் 38.6 பாகை. மேற்கே கணவாயிலிருந்து காற்று, வானில் மேகமில்லை. கல்லுக்குழி சோதனைச் சாவடியின் நாட்குறிப்பில் இவ்வளவும், மாடுகளின் கணக்கும் பதிவான பிறகே அந்த லாரியின் எண் பதிவாயிற்று. முதலில் வெயில், பிறகு விலங்கு, பிறகு வண்டி, கடைசியில் மனிதர் என்ற அந்த வரிசையை வகுத்தவர் சாவடியின் கால்நடை மருத்துவர் எஸ்தர் பாக்கியவதி. ஆறு ஆண்டுகளில் ஒருநாளும் அவர் அதை மாற்றியதில்லை.

லாரியில் பன்னிரண்டு மாடுகள் இருந்தன. காலையில் பொள்ளாச்சிச் சந்தையில் ஏற்றப்பட்டு எல்லைக்கு அப்பால் செல்பவை. ஓட்டுநர் ஆறுச்சாமி, வயது ஐம்பத்து நான்கு. அவருடைய கழுத்தில் சாம்பல் நிறப் பட்டை ஒன்று இருந்தது. மாடு ஏற்றும் வண்டி எதுவும் ஓட்டுநர் கழுத்தில் அந்தப் பட்டை இல்லாமல் உயிர்பெறாது.

பட்டையின் வேலை எளியது. ஒவ்வொரு மாட்டின் காதிலும் ஒரு வில்லை உண்டு. அது நாடியையும் உடற்சூட்டையும் தசையின் நடுக்கத்தையும் அளந்து, நூற்றுக்கு இத்தனை என்று ஒரு துயரெண்ணைக் கணிக்கும். பட்டை அந்த எண்ணை ஓட்டுநரின் கழுத்து நரம்புகளுக்குக் கடத்தும். முப்பதைக் கடந்தால் அவருக்குத் தொண்டை வறளும். ஐம்பதில் எச்சில் இறங்காது. எழுபதில் கண்ணீர் பெருகிப் பாதை மறையும். நிறுத்தி இறங்கி மாட்டைக் கவனிப்பதைத் தவிர வேறு வழியில்லை. 2035ஆம் ஆண்டின் உடனுணர்வுச் சட்டம் இதைத்தான் செய்தது. அதற்கு முன் நூறு மாடுகளில் நான்கு வழியிலேயே விழுந்தன. சென்ற ஆண்டு இச்சாவடியைக் கடந்த இரண்டு லட்சத்து முப்பதாயிரம் மாடுகளில் விழுந்தவை பதினொன்று.

அந்தப் பதினொன்று என்ற எண் சட்டமிடப்பட்டு மருத்துவரின் மேசைக்கு எதிர்ச்சுவரில் தொங்கியது. பட்டை அவருடைய ஆய்வில் பிறந்தது. சட்டத்தின் விதிகளில் பாதி அவர் எழுதியவை. அறையில் வேறு படம் இல்லை. பட்டையைத் தாங்க முடியாமல் தொழிலை விட்ட ஓட்டுநர்கள் ஆயிரத்து இருநூறு பேர். அவர்களில் சிலர் உறக்கத்திலும் எழுந்து தண்ணீர் கேட்டார்கள். அந்த எண்ணுக்கு எவரும் சட்டமிடவில்லை.

காவலர் சிங்காரவேலு லாரியில் ஏறினார். ஏழாம் விதியின்படி ரப்பர் விரிப்பின் ஓரத்தைத் தூக்கித் தரைப்பலகையைப் பார்த்தார், மீண்டும் விரித்தார், இறங்கினார். ஐந்து நிமிடத்தில் முடிய வேண்டிய வேலை, நான்கு நிமிடத்தில் முடிந்தது. பிறகு லாரியைக் கூரையின் நிழலுக்கு நகர்த்தச் சொல்லிவிட்டு, ஆறுச்சாமியை மருத்துவரின் அறைக்கு அனுப்பினார்.

மருத்துவரின் திரையில் உடனுணர்வு ஆணையத்தின் குறிப்பு ஒன்று காலையிலிருந்தே காத்திருந்தது. பதினான்கு மாதங்களில் ஆறுச்சாமியின் பட்டைக்கு நானூற்றுப் பன்னிரண்டு முறை தொண்டை வறளச் செய்யும் குறிப்பு சென்றிருக்கிறது. மற்ற ஓட்டுநர்கள் குறிப்பு கிடைத்த நான்கு நிமிடத்தில் வேகம் குறைப்பார்கள். இவருடைய ஓட்டத்தில் ஒருமுறையும் மாற்றமில்லை. ‘பட்டையைச் செயலிழக்கச் செய்துள்ளார் எனக் கருதப்படுகிறது. உரிமத்தை நிரந்தரமாக நீக்கும் ஆணையை இன்று மாலை ஐந்து மணிக்குள் நேரில் வழங்கவும்.’

குறிப்பின் அடியில், எவரும் கருதிப் பார்க்காத இன்னொரு செய்தியும் இருந்தது. அதே பதினான்கு மாதங்களில் அவருடைய வண்டியில் விழுந்த மாடுகள்: இல்லை.

“உட்காருங்க,” என்றார் மருத்துவர்.

“இருக்கட்டுங்க டாக்டரம்மா. மாடு காத்துட்டு நிக்குது.”

“நிழல்லதான் நிக்குது.”

ஆறுச்சாமி சன்னல் வழியே பார்த்து உறுதி செய்துகொண்ட பிறகே உட்கார்ந்தார். மருத்துவர் பிளாஸ்கிலிருந்து தேநீர் ஊற்றிக் கொடுத்தார். இடக்கை மேசைக்குக் கீழே சோதனைக் கருவியின் மேல் இருந்தது. முதலில் நாற்பது வைத்தார். ஆறுச்சாமி தேநீரை ஊதினார். ஐம்பது வைத்தார். அவர் ஒரு வாய் பருகினார். அறுபது வைத்தார். ஆய்வகத்தில் ஒருமுறை அறுபதைத் தம் கழுத்திலேயே வைத்துப் பார்த்த மருத்துவர் நாற்காலியிலிருந்து சரிந்து விழுந்திருக்கிறார்.

“சக்கரை கொஞ்சம் தூக்கலுங்க,” என்றார் ஆறுச்சாமி.

“இப்ப உங்க கழுத்துல அறுபது ஓடுது.”

தம்ளர் பாதி வழியில் நின்றது. அவர் மேசைக்குக் கீழே இருந்த கையைப் பார்த்தார். பிறகு தம்ளரை ஓசையின்றிக் கீழே வைத்தார்.

“எத்தனை நாளா இப்படி?”

“பதினாலு மாசமுங்க. போன வருசம் மார்ச்சுல கழுத்துல ஆப்பரேசன். கழலை. உசுரு தங்குச்சு, உணர்ச்சி போயிருச்சு. சவரம் பண்றப்பக்கூடக் கண்ணாடியப் பாத்துத்தான் பண்றன். கத்தி பட்டாலும் தெரியறதில்லீங்க.”

“ஏன் சொல்லல?”

“சொன்னா வண்டியத் தருவீங்களா?”

மருத்துவர் கருவியை அணைத்துவிட்டுக் கையை மேசைமேல் வைத்தார். “விதி பதினொண்ணு. பட்டையை உணர முடியாதவர் மாடு ஏத்தக் கூடாது. நீங்க ஏமாத்தலன்னு எழுதலாம். ஆனா உரிமம் போகும். அந்த விதிய எழுதுனதே நான்தான்.”

“தெரியுமுங்க. பயிற்சியில உங்க போட்டாவப் போட்டுக் காட்டுனாங்க. அப்ப நாங்க எல்லாரும் உங்கள வெச்சுப் பேசுனத இப்பச் சொல்ல முடியாது.”

“சொல்ல வேண்டாம். ஒரு மாடும் விழல. எதை வச்சு நிறுத்துறீங்க?”

“வாய வெச்சுங்க.”

“யார் வாய்?”

“மாட்டு வாய்தானுங்க. பயந்த மாடு அசை போடாது. தாகமெடுத்தது, வலியெடுத்தது, எதுவும் போடாது. நாப்பது கிலோமீட்டருக்கு ஒருக்கா நிறுத்துவன். தண்ணி காட்டுவன். அப்புறம் நின்னு எண்ணுவன். பன்னெண்டுல எட்டு வாய் ஆடோணும். ஆடுனாத்தான் சாவி போடுவன்.”

“எட்டுன்னு யார் சொன்னது?”

“உங்க பட்டைதானுங்க சொல்லுச்சு.” அவர் கழுத்தைத் தொட்டார்; தொட்டது விரலுக்கு மட்டும் தெரிந்திருக்கும். “கழுத்து நல்லா இருந்தப்ப நாலஞ்சு வருசம் எண்ணிப் பாத்தன். தொண்டை வறண்டப்பவெல்லாம் எறங்கிப் பாத்தா நாலு ஆடும், அஞ்சு ஆடும். எட்டு ஆடுனா வறண்டதே இல்லீங்க. உணர்ச்சி போறதுக்குள்ள கணக்கு மனசுல ஏறிருச்சு.”

“அதுக்கு முன்னாடி? சட்டம் வர்றதுக்கு முன்னாடி?”

ஆறுச்சாமி தம்ளரைச் சற்றுத் தள்ளி வைத்தார். “முன்னாடி இதே அளவு வண்டியில இருபத்திநாலு ஏத்துவன். விழுந்தா வாலை முறுக்குவன். கண்ணுல மொளகாப் பொடிகூட வெச்சிருக்கறனுங்க. அதனாலதான் சொல்றன், சட்டம் தப்பில்லைங்க. எழுதுங்க.”

இந்த ஆறு ஆண்டுகளில் சட்டத்தைத் திட்டியவர்களையும் புகழ்ந்தவர்களையும் மருத்துவர் நிறையக் கேட்டிருக்கிறார். அதைக் கற்றுக்கொண்டு கடந்து சென்ற ஒருவரை அதுவரை சந்தித்ததில்லை. தாம் செய்த ஒன்று இவ்வளவு தூரம் சென்றிருப்பதில் அவருக்கு உண்டான பெருமிதத்தை அவர் முகத்துக்கு வர விடவில்லை.

“உங்க மேல எனக்கு மரியாதை இருக்கு. பதினோராம் விதியில அதுக்கு இடம் இல்ல. சோளம், சிமென்ட்டு ஓட்டலாமே? அதுக்குப் பட்டை வேண்டாம்.”

“மூட்டை அசை போடாதுங்களே,” என்றார் ஆறுச்சாமி.

அவர் வணங்கிவிட்டு வெளியே சென்றார். மருத்துவர் ஆணைத்தாளை எடுத்துத் தேதி எழுதினார்.

மூன்றாம் விதி, விலங்கு மனிதரின் கோப்புக்காகக் காத்திருக்கலாகாது என்கிறது. எல்லாத் துயரெண்களும் முப்பதுக்குக் கீழ் இருந்தமையால் சாவடியின் வாயில் தானே உயர்ந்தது. பச்சை விளக்கு எரிந்தது. அறுநூறு மீட்டருக்கு அப்பால் ஒரு பாலம். பாலத்தின் நடுவில் எல்லை.

சன்னல் திறந்திருந்தது. சிங்காரவேலுவின் குரல் இரகசியத்துக்கு ஏற்றதன்று.

“அண்ணா, கேட்டு தொறந்திருச்சு. அம்மா இப்பத்தான் தேதி எழுதறாங்க. அவங்க ஒரு காற்புள்ளி வெக்கறதுக்கு முன்னாடி நீங்க பாலத்தைத் தாண்டிரலாம். கையில குடுத்தாத்தான் ஆணை. அந்தப் பக்கம் போயிட்டா புதுசா கோப்புப் போடோணும். ஆறு மாசம் ஆகும்.”

மருத்துவர் பேனாவை நிறுத்தினார். எழுந்து சென்று தடுப்பதா, சன்னலை அடைப்பதா என்று எண்ணினார். இரண்டையும் செய்யவில்லை.

ஆறுச்சாமி லாரியின் பக்கவாட்டில் நின்றுகொண்டிருந்தார். உதடுகள் அசைந்தன.

“அஞ்சுதான் ஆடுது,” என்றார்.

“என்ன ஆடுது?”

“வாய். வர்றப்ப ஒம்பது ஆடுச்சு. இங்க வந்து அஞ்சாயிருச்சு.”

“அதுக்கென்ன? கேட்டுத் திரையில பாருங்க, எல்லாம் பச்சை. ஒண்ணு பதினெட்டுல நிக்குது. என் சம்சாரம்கூட அவ்வளவு அமைதியா இருந்ததில்ல.”

“என்னமோ இருக்குது, சிங்காரம்.”

“அண்ணா, இதுங்க எங்க போகுதுன்னு உங்களுக்குத் தெரியாதா? ஞாயித்துக்கெழமை பாதி கறிக்கடையில தொங்கும். அதுக்கு ஒரு அரைமணி நேர மனக்கஷ்டத்துக்காக லைசென்ச விடுவீங்களா?”

“போற எடம் என் கையில இல்லப்பா. போற வழி என் கையில இருக்குது.”

அவர் சாவியைச் சட்டைப்பைக்குள் போட்டுவிட்டுப் பின்பலகையைப் பிடித்து ஏறினார். ஒவ்வொரு மாடாக மூக்கு நுனியைத் தொட்டார், காதடியைத் தொட்டார், அடுத்ததற்குச் சென்றார். இடப்பக்கம் மூன்றாவதாக நின்ற புள்ளிக்காளையிடம் நின்றார். அது அசையவில்லை, வாலும் அசையவில்லை. காதுகள் குளிர்ந்திருந்தன. அதன் காதில்தான் அந்தப் பதினெட்டு ஒளிர்ந்தது. அவர் மண்டியிட்டுக் குனிந்தார்.

“டாக்டரம்மா,” என்றார், குரலை உயர்த்தாமல். “கொஞ்சம் வாங்க. கடப்பாரை இருந்தா எடுத்துட்டு வரச் சொல்லுங்க.”

மருத்துவர் பேனாவைக் கையில் வைத்தபடியே வந்தார். ரப்பர் விரிப்பின் ஓரம் மடிந்து கிடந்தது. அடியில் இரண்டு பலகைகளுக்கு நடுவே காளையின் பின்னங்குளம்பு இறங்கிச் சிக்கியிருந்தது. விரிப்பைப் பலகையோடு பூட்டும் கொக்கி திறந்து தொங்கியது. வண்டி கூரைக்கடியில் நகர்ந்தபோது காளை கால் மாற்றி வைத்திருக்க வேண்டும்.

பலகையை நெம்பிக் காலை எடுக்கப் பன்னிரண்டு நிமிடம் ஆயிற்று. அதுவரை ஆறுச்சாமி காளையின் கழுத்தைத் தம் தோளில் தாங்கிக்கொண்டு நின்றார். மருத்துவர் மூட்டைத் தடவிப் பார்த்தார். தோல் உரிந்திருந்தது, எலும்பு முழுதாக இருந்தது. பாலத்துக்கு அப்பால் பதினெட்டுக் கொண்டையூசி வளைவுகள். முதல் வளைவில் இந்தக் கால் ஒடிந்திருக்கும்.

கால் விடுபட்டதும் காளை நடுங்கத் தொடங்கியது. துயரெண் பதினெட்டிலிருந்து ஐம்பத்தேழுக்கு ஏறியது, வாயில் தாழ்ந்தது, சிவப்பு எரிந்தது.

“இப்பத்தான் காட்டுது பாருங்க,” என்றார் சிங்காரவேலு. “கால் மாட்டிட்டு இருந்தப்ப பச்சை. எடுத்துவிட்டா செவப்பு.”

மருத்துவர் அந்த எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தார். அஞ்சி நடுங்கும் விலங்கை வில்லை அறியும். அச்சத்தின் எல்லையில் விலங்கு ஒடுங்கி, நாடி தாழ்ந்து, மரம்போல் நிற்கும். வில்லை அதை ஓய்வு என்று எழுதும். இந்த ஐயத்தை அவரே தம் ஆய்வேட்டின் நூற்று நாற்பதாம் பக்கத்தில் அடிக்குறிப்பாக எழுதியிருந்தார். சட்டமாக மாறியபோது அடிக்குறிப்புகள் நீங்கின. அதை அவர் அப்போது எதிர்க்கவில்லை. வாசகம் தெளிவாக இருப்பதாகக் கருதினார்.

“மேடம்,” என்றார் சிங்காரவேலு. அவருடைய குரல் முதல்முறையாகத் தாழ்ந்திருந்தது. “கொக்கியை நாந்தான் மாட்டல.”

“தெரியும்.”

“எழுதுவீங்களா?”

“எழுதுவேன். சாவடிக்குப் பொறுப்பு நான். என் பேரைத்தான் எழுதுவேன்.”

“வண்டிய நகத்தறப்ப நானும் ஏறிப் பாத்திருக்கோணும்,” என்றார் ஆறுச்சாமி. “நெழல் கெடச்சாச் சரின்னு விட்டுட்டன். அதையும் எழுதிக்கோங்க.”

காளையின் காலுக்கு மருந்திட்டுக் கட்டியபோது மணி மூன்று நாற்பது. ஆறுச்சாமி எல்லா மாடுகளுக்கும் தண்ணீர் காட்டினார். வைக்கோல் உதறிப் போட்டார். கொக்கிகளைச் சிங்காரவேலு ஒவ்வொன்றாகப் பூட்டி, ஒவ்வொன்றையும் இழுத்துப் பார்த்தார். மருத்துவர் தேதி மட்டும் எழுதியிருந்த தாளைக் கிழித்துவிட்டு, ஆறுச்சாமியை மறுபடியும் அறைக்கு அழைத்தார்.

“பத்தொன்பதாம் விதியில விலக்குன்னு ஒண்ணு இருக்கு. உடல் குறையுள்ளவங்களுக்குக் கருணை அடிப்படையில தரலாம். ஒரே வரி. ஆணையமும் கேள்வி கேக்காது. எழுதிரட்டுமா?”

“வேண்டாங்க.”

“ஏன்?”

“நான் எதுலிருந்து வெலகோணும்? என் வேலையச் செஞ்சுட்டுத்தான இருக்கறன்.” அவர் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றார், உட்காரவில்லை. “பாவம் பாத்து விட்டாங்கன்னு ஒரு காகிதத்த வெச்சுட்டு நான் வண்டி ஓட்ட மாட்டனுங்க. நல்லா ஓட்டறன்னு எழுத முடிஞ்சா எழுதுங்க. முடியலீன்னா நீக்கிருங்க. ரெண்டுல எதுன்னாலும் வாங்கிக்கறன்.”

பணிவாகச் சொல்லப்பட்ட அந்தச் செருக்கை மருத்துவர் நன்கு அறிவார். சட்டம் நிறைவேறிய நாளில், விதிகளைச் சற்றுத் தளர்த்தச் சொன்னவர்களிடம் அவர் பேசிய குரலும் ஏறக்குறைய இதுதான்.

“போய் மாட்டைப் பாருங்க,” என்றார். “நேரம் ஆகும். சுலபமானதை வேண்டாம்னுட்டீங்க.”

அவர் நாற்பது நிமிடம் எழுதினார். இரண்டு சொற்களை அடித்தார். அடித்தல் உள்ள தாளில் கையொப்பமிடும் பழக்கம் இல்லாமையால் முழுவதையும் மீண்டும் எழுதினார். பிறகு ஒருமுறை படித்துப் பார்த்தார்.

‘ஓட்டுநர் ஆறுச்சாமி பட்டையைச் செயலிழக்கச் செய்யவில்லை. அறுவைச் சிகிச்சைக்குப் பின் அவருடைய கழுத்து அதை உணர்வதில்லை. இதை அவர் தெரிவிக்காதது தவறு; அதற்காக எச்சரிக்கப்படுகிறார். பதினோராம் விதியின் நோக்கம் விலங்கின் துயரை ஓட்டுநர் அறிதல். அதற்கு அவர் துன்புற வேண்டும் என்று விதியை எழுதியவர் கருதினார். இவ்வோட்டுநர் இன்று பிற்பகல், பட்டையும் வில்லையும் இச்சாவடியும் அறியாத துயரை நின்று எண்ணி அறிந்தார். வாயில் திறந்திருந்தும், போகாவிடில் உரிமம் நீங்கும் என்று தெரிந்திருந்தும் அவர் செல்லவில்லை. ஆகவே அவருடைய உரிமம் விலக்காக அன்றி, தகுதியின் அடிப்படையில் தொடர்கிறது.

காளையின் கால் சிக்கியதற்குக் காரணம் சோதனையின்போது விரிப்பின் கொக்கி பூட்டப்படாதது. பொறுப்பு கீழே கையொப்பமிட்டவருடையது. ஒடுங்கி நிற்கும் விலங்கின் துயரை வில்லை கணிப்பதில்லை என்பது இன்று மெய்ப்பிக்கப்பட்டது. இதுவரை பச்சை விளக்கில் கடந்த வண்டிகளின் பதிவுகள் மீள ஆராயப்படும். இன்று முதல் இச்சாவடியில் துயரெண் மட்டும் போதாது. பன்னிரண்டு மாடுகளில் எட்டு அசைபோடும் வரை வாயில் திறக்கப்படாது.’

ஆணையம் விளக்கம் கேட்கும் என்று அவருக்குத் தெரியும். கேட்கட்டும், நூற்று நாற்பதாம் பக்கத்தை அனுப்பலாம். அவர் முழுப்பெயரையும் எழுதிக் கையொப்பமிட்டார். எதிர்ச்சுவரில் பதினொன்று தொங்கியது. பச்சையில் கடந்த வண்டிகளை மீள ஆராய்ந்தால் அது இனிமேல் பதினொன்றாக இராது என்று தோன்றியது. தாளை மடிக்காமல் எடுத்துக்கொண்டு வெளியே வந்தார். மணி 4:34.

வெயில் சாய்ந்திருந்தது. காளையின் எண் இருபத்திரண்டுக்கு இறங்கியிருந்தது. லாரியின் பக்கத்தில் ஆறுச்சாமியும் சிங்காரவேலுவும் நின்றார்கள்.

“குடுத்துரலாங்களா மேடம்?” என்றார் சிங்காரவேலு. “அஞ்சு மணி கெடு இருக்குது. காற்புள்ளி எல்லாம் வெச்சாச்சுங்களா?”

காற்புள்ளி என்ற சொல்லைத் தாமும் கேட்டிருந்ததாக மருத்துவர் காட்டிக்கொள்ளவில்லை. “எத்தனை ஆடுது?” என்று கேட்டார்.

“ஏழுங்க,” என்றார் ஆறுச்சாமி.

“அப்ப நிக்கலாம்.”

தாளில் என்ன இருக்கிறது என்று ஆறுச்சாமி கேட்கவில்லை. அவருடைய பார்வை மாடுகளை விட்டு அகலவில்லை. மருத்துவரும் எண்ணினார், சிங்காரவேலு விரல் மடக்கி எண்ணினார். ஏழுதான். பின்னால் வந்த இரண்டு லாரிகளின் ஓட்டுநர்களும் இறங்கிவந்து, எதைப் பார்க்கிறார்கள் என்று தெரியாமலே பார்த்துக்கொண்டு நின்றார்கள். அவர்களில் ஒருவர் ஹாரனை அடிக்க வண்டியை நோக்கித் திரும்பினார். சிங்காரவேலு விரலை உதட்டில் வைத்தார்.

புள்ளிக்காளை பெருமூச்சு விட்டது. தொண்டையில் ஓர் உருண்டை மேலேறியது. கீழ்த்தாடை இடப்பக்கம் சென்றது, வலப்பக்கம் வந்தது, மறுபடியும் சென்றது.

“எட்டு,” என்றார் மருத்துவர்.

மணி 4:52. அவர் ஆணையை நீட்டினார். ஆறுச்சாமி கைகளை வேட்டியில் துடைத்துக்கொண்டு, இரு கைகளாலும் அதை வாங்கிக்கொண்டார்.